‘இந்த வாரத்துக்குள்’ என்று எழுதிப் பழகுவோம்

(அவிநாசிபாளையத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

கடன் திருப்பம், கணக்குப் பதிவு, வங்கி இணைப்பு என்று இந்த இடத்தில் நிறையப் பேசியாகிவிட்டது. இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன விஷயம். செய்ய வேண்டிய வேலையை ஒரு நோட்டில் எப்படிக் குறித்து வைப்பது என்பதுதான் அது. "இதுக்கெல்லாம் ஒரு பேச்சுங்களா" என்று பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. சிரிச்சுட்டே கேளுங்க.

குழுக் கூட்டங்களுக்கு வரும்போது நாங்கள் ஒரு கேள்வி கேட்டு வருகிறோம். "செய்யணும் செய்யணும்னு மனசுல இருந்தும் போன மாசம் செய்யாம விட்டது என்ன?" இதுதான் கேள்வி. பதில்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியவளுக்கு ஆதாரில் கைரேகை புதுப்பிக்கவில்லை. பி.எப்.பில் வாரிசு பேர் சேர்க்கவில்லை. மாட்டுக்குக் கோமாரி ஊசி போடவில்லை. மூணு மாசமாக இடுப்பு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அம்மாவைப் பார்த்து வரவில்லை. இந்தப் பட்டியலில் யாராவது ஒருத்தர், "குழுத் தவணை கட்ட மறந்துட்டேன்" என்று சொன்னார்களா? ஒருத்தரும் சொல்லவில்லை. தவணைக்குத் தேதி இருக்கிறது. கேட்க ஆள் இருக்கிறது. விட்டுப்போன வேலைகளுக்கு இரண்டும் இல்லை. "இந்த மாசத்துல எப்பவாச்சும்", "மழைக்கு முன்னாடி", "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள" என்று மட்டும்தான் அவற்றுக்குக் காலம் இருந்தது. அப்படிப்பட்ட வேலைதான் வழுக்கிக்கொண்டு போகிறது.

இன்னொன்றையும் கவனித்தோம். விட்டுப்போனதில் பெரும்பாலானவை அந்தப் பெண்ணின் சொந்தக் காரியங்கள். அவளுடைய உடம்பு, அவள் பேரில் உள்ள காகிதம், அவள் தாய் வீடு.

சரி, தேதி போட்டு எழுதிவிட்டால் தீர்ந்ததா? அதையும் நம்மில் பலர் முயற்சி செய்து பார்த்தவர்கள்தான். புது வருஷத்தில் நகைக்கடையில் கொடுத்த டைரி வீட்டில் இருக்கும். நாளுக்கு ஒரு பக்கம். "வியாழன்: ஆதார் சென்டர்" என்று எழுதுவோம். அந்த வியாழக்கிழமை ஷிப்மென்ட் அவசரம் என்று கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் போடுவார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனவர் ராத்திரி எட்டரைக்கு வேன் ஏறுவார். ஆதார் போச்சு. அதை வெள்ளிக்கு மாற்றி எழுதுவோம். வெள்ளிக்கிழமை தண்ணி வரும். சனிக்கிழமை சம்பளம், சந்தை. பொங்கல் முடிவதற்குள் டைரியில் அடித்தல் திருத்தல் பார்த்துப் பார்த்து நமக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். டைரி பால் கணக்குக்குப் போய்விடும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வதை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. மேலாண்மைப் பயிற்சிகளில் "ஒவ்வொரு வேலைக்கும் நாள், நேரம் குறியுங்கள்" என்று சொல்லித் தருவார்கள். தன் நாள் தன் கையில் இருப்பவர்களுக்கு அது சரி. அவிநாசியில் இருந்து திருப்பூர் வழியாக வரும் ரோடு கோவை - கரூர் ரோட்டில் வந்து சேருகிற ஊர் இது. காலையில் இந்த ரோட்டோரம் கம்பெனி வேனுக்கு நிற்கிற பெண்களுக்கு வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்று திங்கட்கிழமை தெரியாது. ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிப்ட், வராவிட்டால் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடினபோது அப்படி இருந்தது. 2012இல் மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்தபோது, கரண்ட் வரும் நேரத்தை வைத்துத்தான் சமையல்கூட நடந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி என்றபோதும் ஷிப்ட் ஆட்டம் கண்டது. வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் அக்காமாருக்கோ, காண்ட்ராக்டர் மூட்டை இறக்கும் நேரம்தான் வேலை நேரம். இப்படிப்பட்ட வாழ்க்கையில் ஒரு நாளைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். ஒரு வாரத்தைப் பிடிக்கலாம். வாரத்தில் எந்த நாள் என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஒரு நாளில் ஒரு மணி நேரம் கிடைக்கத்தான் செய்கிறது. அதனால் வேலையை நாளுக்கு எழுத வேண்டாம், காலத்துக்கு எழுதுங்கள் என்கிறோம்.

இது நமக்குப் புதுசும் இல்லை. மாடு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். மாடு பருவத்துக்கு வந்து போன நாளைச் சொல்லிவிட்டு, "அதுல இருந்து பதினெட்டு நாள்ல இருந்து இருபத்துநாலு நாளுக்குள்ள மறுபடி வரும், கண்ணு வச்சிருக்கோணும்" என்பார்கள். இன்ன தேதி என்று சொல்ல மாட்டார்கள். காலையில் அறிகுறி தெரிந்தால் பொழுதோட ஊசி, பொழுதோட தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி. எவ்வளவு துல்லியம் பாருங்கள்! ஆனால் தேதியே கிடையாது. ஆடிப்பட்டம் என்பதும் அப்படித்தான். வடகம் பிழியப் பங்குனி, சித்திரை வெயில் என்று வைத்திருக்கிறோம். பொங்கலூர், காங்கயம் பக்கம் பி.ஏ.பி. பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்துச் சுற்றுமுறையில் தண்ணீர் விடுகிறார்கள். திருமூர்த்தி அணையில் இருக்கிற தண்ணீரைப் பொறுத்துத்தான் மதகு திறப்பார்கள். நம் மண்டலத்தின் முறை வருகிறது என்று தெரிந்தால் விதை, எரு, ஆள் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கத் தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். காட்டு வேலையில் இருக்கும் இந்தப் புத்தியைத்தான் வீட்டு வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் கொண்டுவரச் சொல்கிறோம்.

அரசாங்கமே பல விஷயங்களைக் காலமாகத்தான் வைத்திருக்கிறது. குழந்தைக்குத் தட்டம்மை - ரூபெல்லா முதல் ஊசி 9 மாதம் முடிந்ததில் இருந்து 12 மாதத்துக்குள். இரண்டாவது ஊசி 16 மாதத்தில் இருந்து 24 மாதத்துக்குள். முதல் ஊசியை யாரும் விடுவதில்லை, கைக்குழந்தை, நர்ஸ் அம்மா வீடு தேடி வருவார். இரண்டாவதற்கு எட்டு மாத அவகாசம். அந்தத் தாராளம்தான் ஆபத்து. ஆதாரில் பிள்ளைகளுக்குக் கைரேகை, கண் பதிவு புதுப்பிக்க 5 வயதில் இருந்து 7 வயது வரையும், 15இல் இருந்து 17 வரையும் கட்டணம் இல்லை. இரண்டு வருஷம் இருக்கிறதே என்று இருந்துவிட்டு, ப்ளஸ் டூ பரீட்சை, ஸ்காலர்ஷிப் என்று வரும்போது ஓடுகிறோம். நாள் நிறைய இருக்கிற வேலையைத்தான் முதலில் நோட்டில் ஏற்ற வேண்டும்.

இனி நோட்டுக்கு வருவோம். ஒரு குயர் கோடு போட்ட நோட்டு போதும். டைரி வேண்டாம், தேதி அச்சடித்த எதுவும் வேண்டாம். முன்பக்கத்தில் இருந்து தேதி உள்ள வேலைகளை எழுதுங்கள்: குழுக் கூட்டம், தவணை, கல்யாணம், ஆஸ்பத்திரியில் டாக்டர் வரச் சொன்ன நாள். இதில் எந்தச் சிக்கலும் இல்லை. நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்து தேதி இல்லாத வேலைகள். அதற்கு மூன்று பக்கம் ஒதுக்குங்கள். ஒன்றில் ‘இந்த வாரம்’, ஒன்றில் ‘இந்த மாதம்’, ஒன்றில் ‘இந்தப் பருவம்’ என்று தலைப்பு. பருவம் என்றால் மூணு மாசமும் இருக்கலாம், வருஷமும் இருக்கலாம். ஒரு வேலைக்கு ஒரு வரிதான். எப்போதில் இருந்து, எப்போதுக்குள், யார், எந்த மாதிரி நேரம் வேண்டும், இவ்வளவும் அந்த வரியில் வர வேண்டும். ஒரு உறுப்பினரின் நோட்டில் இருந்த பக்கத்தை, அவர் அனுமதியோடு, பேர் இல்லாமல் இங்கே தருகிறோம்.

இந்த வாரம்
கேஸ் புக் பண்ண. 5 நிமிஷம். நான்.
பாப்பா யூனிபார்ம் கை பிரிச்சுத் தைக்க. ஞாயிறு.
மோட்டார் ரிப்பேர் ஆளைக் கூப்பிட. அவர்.

இந்த மாதம்
சின்னவன் இரண்டாவது தட்டம்மை ஊசி. 16 மாசம் ஆச்சு, 24க்குள். வார நாள், காலை.
பாஸ்புக் பதிய. வார நாள், 10-4.
அம்மா வீடு. ஞாயிறு, முழு நாள்.

இந்தப் பருவம்
பெரியவ ஆதார் கைரேகை. 15 முடிஞ்சுது, 17க்குள்ள. வார நாள்.
ஆட்டுக் கொட்டாய் ஓலை மாத்த. மழைக்கு முன்னாடி. அவர், மாமா.
கர்ப்பப்பை டெஸ்ட். வார நாள், காலை.

இந்தப் பக்கத்தில் ‘வார நாள்’ என்று எத்தனை தடவை வருகிறது பாருங்கள். இதை எழுதினவருக்கே எழுதி முடித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. ஊசி, பாஸ்புக், ஆதார், டெஸ்ட் எல்லாவற்றுக்கும் வார நாளில், பகல் நேரம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக லீவு போட்டால் நாலு ஷிப்ட் சம்பளம் போகும். அதற்குப் பயந்துதான் நாலும் நின்றுபோயிருந்தது. வேலை குறைவாக இருந்த ஒரு வாரத்தில் ஒரே நாள் லீவு போட்டு, காலையில் ஆரம்ப சுகாதார நிலையம், அப்புறம் வங்கி, மத்தியானம் ஆதார் என்று மூன்றை முடித்தார். டெஸ்ட் மட்டும் நின்றது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். எந்த மாதிரி நேரம் வேண்டும் என்று எழுதச் சொல்வது இதற்காகத்தான். வேனில் போகும்போது முடிகிற ஐந்து நிமிஷ வேலை, ராத்திரி வீட்டில் செய்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை, வார நாள் பகல் வேலை. கம்பெனியில் திடீரென்று "இன்னைக்குப் பீஸ் வரல, வீட்டுக்குப் போங்க" என்று மத்தியானம் அனுப்பிவிட்டால், அந்த அரை நாள் எதற்கு ஆகும் என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். எழுதி வைக்காதவருக்கு அந்த அரை நாள் டி.வி. முன்னால் போகும். அதுவும் தேவைதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் ஊசியும் வங்கியும் அப்போது ஞாபகத்துக்கு வந்திருந்தால் நல்லது அல்லவா!

வாரம் ஒரு முறை நோட்டைத் திறந்து உட்கார வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு கால் மணி நேரம் என்று பல பேர் வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் ஞாயிறுதான் அதிக வேலை. அவர்கள் வேறு நேரம் பார்த்துக்கொள்ளட்டும். மாதப் பக்கத்தைப் பார்த்து, வருகிற வாரத்தில் எது முடியும் என்று இரண்டு அல்லது மூன்றை மட்டும் வாரப் பக்கத்துக்கு இறக்குங்கள். ஐந்து ஆறு இறக்கினால் எதுவும் நடக்காது. மாத ஆரம்பத்தில் பருவப் பக்கத்தைப் பார்த்து மாதப் பக்கத்துக்கு இறக்குங்கள். அவ்வளவுதான் முறை.

எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். சில பேர், ‘24 மாசத்துக்குள்’ என்றால் அவர்களாகவே ‘18க்குள்’ என்று பொய்க் கெடு எழுதி வைக்கிறார்கள். கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைக்கிற மாதிரி. பத்து நிமிஷம் கூட ஓடுகிறது என்று நமக்குத்தான் தெரியுமே, அதையும் கழித்துத்தானே கிளம்புகிறோம்! நாங்கள் சொல்வது, உண்மையான கடைசி நாளையே எழுதுங்கள். ஆனால் பாதிக் காலம் தாண்டியதும் அந்த வேலை கட்டாயம் ஒரு பக்கம் கீழே இறங்க வேண்டும். இரண்டு மாத அவகாசம் என்றால் ஒரு மாதம் முடிந்ததும் மாதப் பக்கத்துக்கு வரட்டும். மாத வேலை 15ஆம் தேதி தாண்டினால் வாரப் பக்கத்துக்கு. பாதி போனதும் இறக்கு என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

வாரம் முடிந்து, இறக்கின வேலை நடக்கவில்லை என்றால் அடிக்காதீர்கள். அடுத்த வாரத்துக்கு எடுத்துப்போகும்போது வரியின் முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். மறுபடி நடக்கவில்லை என்றால் இன்னொரு புள்ளி. மூணு புள்ளி வந்தால் அது நேரமில்லாததால் நிற்கிற வேலை இல்லை. வேறு ஏதோ தடுக்கிறது. சற்று முன் சொன்ன கர்ப்பப்பை டெஸ்ட் வரியில் நாலு புள்ளி இருந்தது. நேரம் ஒரு காரணமே இல்லை. வெட்கம், ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயம், வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அந்தப் பரிசோதனையை 30 வயது தாண்டிய பெண்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை செய்துகொள்ள வேண்டும் என்பது நாட்டின் சுகாதாரத் துறை வகுத்திருக்கும் முறை. கத்தி, ஊசி எதுவும் இல்லை, சில நிமிஷ வேலை. ஐந்து வருஷம் என்று எட்டிப்போட்ட காலம் ஆனதால்தான் அது எந்த டைரியிலும் ஏறுவதில்லை. அந்தக் குழுவில் புள்ளிகளை வைத்துப் பேசினபோது, இன்னும் மூன்று பேர் வரியிலும் அதே டெஸ்ட் புள்ளியோடு நின்றது தெரிந்தது. சேர்ந்து போனார்கள். தனியாகப் போக முடியாத இடத்துக்குச் சேர்ந்து போகத்தானே குழு வைத்திருக்கிறோம்.

இடையில் ஒரு செய்தி. படித்தவர்களுக்கு, கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்து நாட்டில் கார்ஸ்டன் டொமினிக் என்று ஒரு வானியல் ஆய்வாளர். நட்சத்திரங்களை ஆராய்கிறவர். அவர் 2003இல் தன் குறிப்புகளையும் வேலைகளையும் கம்ப்யூட்டரில் வெறும் எழுத்தாக, நாம் நோட்டில் எழுதுவதுபோல வரிவரியாக எழுதி வைக்க ஒரு முறை உண்டாக்கினார். ஆர்க் மோட் என்று பேர். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு வேலைக்கு நாள் குறித்து, அந்த நாள் தாண்டிவிட்டால், தாண்டி எத்தனை நாள் ஆச்சு என்று தினமும் பட்டியலில் காட்டிக்கொண்டே இருக்கும். ‘இந்த வாரத்துக்குள் எப்போதாவது’ என்கிற வேலைக்கும் ஏதோ ஒரு நாளைப் போட்டுவிட்டால், மறுநாளில் இருந்து தாமதம் தாமதம் என்று திட்டு வாங்க வேண்டியதுதான். நம் டைரிக் கதையேதான்! அப்புறம் அமெரிக்காவில் ரைடர் கரோல் என்கிற வடிவமைப்பாளர், சின்ன வயசில் இருந்து கவனம் ஒரு இடத்தில் நிற்காத தொந்தரவு உள்ளவர், வெறும் நோட்டில் குறித்து வைக்கும் முறை ஒன்றை 2013இல் வெளியிட்டார். அவரும் நாள் பக்கம், மாதப் பக்கம், பின்னால் வருவதற்கு ஒரு பக்கம் என்று பிரித்து, முடியாத வேலையை அம்புக்குறி போட்டு அடுத்த பக்கத்துக்கு எடுத்துப்போகச் சொன்னார். அம்புக்குறி நமக்குப் புள்ளி. அவர் முறைக்கென்று அழகழகான நோட்டு, கலர் பேனா எல்லாம் கடையில் விற்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை.

போனில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். வாட்ஸப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளும் செய்தியாக மூன்று பக்கத்தையும் மூன்று செய்தியாக வைத்திருக்கும் தங்கச்சிகள் இருக்கிறார்கள். ஆனால் பல கம்பெனிகளில் லைனில் போன் எடுக்க விடுவதில்லை. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் கையில் போன். மணி அடிக்கும் செயலிகளும் வேண்டாம் என்போம். ஓவர்லாக் மிஷினில் கை இருக்கும்போது "ஆட்டுக் கொட்டாய்" என்று மணி அடித்து என்ன பிரயோஜனம்? ஒரு தடவை அணைப்போம், பத்து தடவை அணைப்போம், அப்புறம் காதிலேயே விழாது.

இப்போது காசு சம்பந்தப்பட்ட ஒன்று. இதற்காகவே இந்தப் பேச்சை இந்த மாதம் வைக்கச் சொல்லிக் கேட்டோம். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வங்கிக் கணக்கில் பிரதமரின் இரண்டு காப்பீடுகள் சேர்ந்திருக்கிறார்கள். 2015இல் தொடங்கியவை. ஜீவன் ஜோதி என்பது 18 முதல் 50 வயதுக்குள் சேருவது, எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். வருஷத்துக்கு ₹436. சுரக்ஷா என்பது விபத்துக்கானது, 18 முதல் 70 வரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். வருஷத்துக்கு ₹20. காப்பீட்டு வருஷம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பணத்தை வங்கியே மே 25 முதல் 31க்குள் ஏதோ ஒரு நாளில் கணக்கில் இருந்து எடுத்துக்கொள்ளும். எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஏழு நாளும் கணக்கில் பணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு குழுவில் ஒரு உறுப்பினர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. வருஷா வருஷம் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த மே மாதம் பள்ளிக்கூடச் செலவுக்குக் கணக்கில் இருந்ததை எடுத்துவிட்டார். சில நூறு ரூபாய் குறைந்துபோனது. ஜூனில் பாஸ்புக் பதியவில்லை, காப்பீடு நின்றது தெரியவில்லை. ஆகஸ்டில் உடம்பு முடியாமல் போய் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். காரியம் முடிந்து பேப்பரை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனபோதுதான் குடும்பத்துக்கே விஷயம் தெரிந்தது. குழுவில் அவர் பேரில் இருந்த கடனை மற்ற உறுப்பினர்கள் பகிர்ந்து கட்டினார்கள். 2 லட்சம் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த ஏழு நாளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே ஆள் அவர்தான், அவருக்கு அந்த வாரம் வேறு ஆயிரம் ஞாபகம்.

ஆகவே எல்லோரும் இன்றைக்கே பருவப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: "கணக்கில் ₹456 இருக்கணும். மே 25 - 31." அதற்குக் கீழே இன்னொரு வரி: "பாஸ்புக் பதிஞ்சு 436, 20 போயிருக்கான்னு பார்க்க. ஜூன் முதல் வாரம்." இரண்டாவது வரிதான் முக்கியம். விட்டுப்போயிருந்தாலும் நடுவில் மறுபடி சேரலாம். ஆனால் ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்தில் இறந்தால் தவிரப் பணம் வராது. அதனால் ஜூன் முதல் வாரமே பார்த்துவிடுவது நல்லது. ஊக்குநர்கள் ஜூன் கூட்டத்தில் எல்லாருடைய பாஸ்புக்கையும் இந்த இரண்டு வரிக்காக மட்டும் பார்த்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் இன்னும் நல்லது.

ஒரு சந்தேகம் பல பேர் முகத்தில் தெரிகிறது. "ஏற்கனவே முதுகு ஒடியுது, இதுல நோட்டு வேறயா?" நியாயமான கேள்வி. பெண்களிடம் இன்னும் அதிக வேலை வாங்க இந்த நோட்டை நாங்கள் சொல்லவில்லை. ‘யார்’ என்று ஒரு சொல் எழுதச் சொன்னோமே, அதைக் கவனியுங்கள். ரேஷன் எப்போது போடுகிறார்கள், மாமியாருக்கு மாத்திரை எப்போது தீரும், பிள்ளைக்கு எந்த மாசம் ஊசி என்று வீட்டின் எல்லாக் காலமும் ஒரு பெண்ணின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. தலைக்குள் இருக்கிறவரை அது வேலை என்றே யாரும் நினைப்பதில்லை. காகிதத்தில் எழுதி, ஒன்பது வரியில் ஏழு வரிக்கு ‘நான்’ என்று இருப்பதை வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். சண்டைக்கு இல்லை. "இதுல எந்த ரெண்டு நீங்க பார்க்கறீங்க?" என்று கேட்க. ஒரு வீட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் மோட்டாரையும் ரேஷனையும் தன் பேருக்கு மாற்றி எழுதியிருக்கிறார். இன்னொரு வீட்டில் நோட்டைத் தூக்கிப் போட்டார்கள். இரண்டும் நடக்கும். முடியாத வேலையைப் பருவப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பவும், "இந்த வருஷம் இது வேண்டாம்" என்று கோடு போட்டு அடிக்கவும் நமக்கு உரிமை உண்டு. அடித்த பிறகு அது மனசில் பாரமாக இருக்கக் கூடாது.

கடைசியாக, எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார் என்ன செய்வது என்று ஒரு பிரதிநிதி காலையிலேயே கேட்டார். எல்லார் வீட்டுச் சுவரிலும் மாதக் காலண்டர் தொங்குகிறது, அதில்தான் பால் கணக்குப் போடுகிறோம். வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளுக்குள் முடிய வேண்டுமோ, அந்தக் கட்டங்களின் குறுக்கே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோட்டின் தலையில் ஒரு படம்: மாடு, ஊசி, வங்கிக்கு ஒரு ரூபாய்க் குறி. தினமும் பால் புள்ளி வைக்கும்போது கோட்டில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று கண்ணுக்குத் தெரியும். பாதி தாண்டினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்துக்கொள்ளலாம். மே மாதத் தாளில் 25இல் இருந்து 31 வரை சிவப்புப் பேனாவால் கோடு இழுத்து விடுங்கள். பேனா இல்லை என்றால் குங்குமம் போதும். நோட்டு வாங்கி வந்தவர்கள் இப்போது பின்பக்கத்தைத் திறங்கள், டீ வருவதற்குள் முதல் மூன்று வரியை எழுதிவிடலாம்.